அம்மப்பாவின் சவரக்கத்தி: வயதை அறிவதும் திரும்பக் கூராக்குவதும்

நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொல்கிறேன், சரியாக விளங்கிக்கொண்டேனா என்று பாருங்கள். கோப்பாய் வீட்டைத் துப்புரவாக்கும்போது, மலாயா ரயில்வேயில் வேலை செய்து ஊர் திரும்பிய உங்கள் அம்மப்பாவின் ட்ரங்குப் பெட்டிக்குள், பென்ஷன் கடிதங்களுக்கு நடுவில் ஒரு மடக்குச் சவரக்கத்தி கிடைத்திருக்கிறது. காம்பில், அதாவது அலகுக்கும் பிடிக்கும் நடுவில் உள்ள உருக்குப் பகுதியில், ‘ஜோசப் ரொட்ஜர்ஸ் அன்ட் சன்ஸ், கட்லர்ஸ் டு ஹிஸ் மெஜஸ்டி, ஷெபீல்ட், இங்கிலாண்ட்’ என்ற எழுத்தும், ஒரு நட்சத்திரமும் ஒரு சிலுவையும் இருக்கின்றன. பிடி கறுப்பு. அலகில் அங்கங்கே கறள். பக்கத்து வீட்டுக்காரர் இருநூறு வருடப் பழசு என்கிறார். இன்னொருவர் தேசிக்காயும் சாம்பலும் போட்டுத் தேய்த்துவிட்டுச் சாணைக்காரரிடம் கொடுக்கச் சொல்கிறார். ஒரு படமும் அனுப்பி, வயது என்ன, விலை என்ன, பளபளப்பாக்குவது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில் ஒன்று எழுதியிருக்கிறீர்களே, ‘இந்தக் கத்தியால் நான் ஒருநாள் சவரம் செய்ய முடிந்தால் நல்லது’ என்று, அதுதான் உண்மையான கேள்வி என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். ஏனென்றால் பார்வைக்கு வைக்கும் கத்திக்குச் செய்யும் வேலையும், முகத்தில் வைக்கும் கத்திக்குச் செய்யும் வேலையும் ஒன்றல்ல.

நான் பட்டறையில் அச்சுக்கருவிகள் செய்து பழகியவன். பிறகு உலோக வேலை கற்பித்தேன். சவரக்கத்தி தீட்டும் கையை நல்லூர்ப் பக்கம் சலூன் வைத்திருந்த ஒரு முதியவர்தான் எனக்குப் பழக்கினார். பழம்பொருள் வியாபாரம் எனக்குத் தொழில் அல்ல. ஆகவே உருக்கு, கூர், கறள் பற்றி நான் சொல்வதை நம்பி எடுக்கலாம். விலை பற்றிச் சொல்வதை ஓர் அபிப்பிராயமாக மட்டும் எடுங்கள்.

முதலில், இந்தக் கிழமை அந்தக் கத்திக்கு எதுவும் செய்யாதீர்கள். கடிதங்களுக்கு நடுவில் இருந்து அதை வெளியே எடுத்து, உலர்ந்த துணியால் துடைத்து, அலகு முழுக்கத் தையல் மெஷின் எண்ணெய் மெல்லிசாகப் பூசி, தனியாக வையுங்கள். பிறகு காலை வெயில் சரிவாக விழும் ஜன்னலோரம் வைத்து, காம்பின் இரண்டு பக்கத்தையும், அலகின் இரண்டு பக்கத்தையும், முதுகையும் படம் எடுங்கள். பழைய கத்தியின் அடையாளம் முழுவதும் சில மில்லிமீற்றர் அகலமான அந்தக் காம்பில்தான் இருக்கிறது. முத்திரை ஆழமில்லாமல் தேய்ந்திருந்தால் கரடான எமரித்தாள் அதைச் சில நிமிடத்தில் அழித்துவிடும். அலகில் அமிலத்தால் பொறித்த படமோ தங்கப்பூச்சோ இருந்தால் அது இன்னும் சீக்கிரம் போகும். அப்படித் தேய்த்து மினுக்கி, யார் செய்தது என்றே தெரியாமல் போன நல்ல கத்திகளைப் பார்த்திருக்கிறேன். மனம் பொறுக்காது.

வயதுக்கு வருவோம். பக்கத்து வீட்டுக்காரர் இருநூறு என்று சொன்னதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. ரொட்ஜர்ஸ் நிறுவனம் 1822இல் நான்காம் ஜோர்ஜ் மன்னரின் அரச நியமனத்தைப் பெற்றது. அந்த ஆண்டை எங்காவது படித்திருப்பார். ஆனால் 1837 முதல் 1901 வரை அரியணையில் இருந்தவர் விக்டோரியா மகாராணி. அந்தக் காலத்துக் கத்தியில் ‘ஹேர் மெஜஸ்டி’ என்று இருக்க வேண்டும். உங்களுடையதில் ‘ஹிஸ்’ இருப்பதால், ஒன்றில் அது 1837க்கு முன்னையது, அல்லது 1901க்குப் பின்னையது. இரண்டில் எது என்பதைத் தீர்ப்பது ‘இங்கிலாண்ட்’ என்ற சொல். பிரித்தானியா 1887இல் கொண்டுவந்த வணிகக்குறிச் சட்டமும், அமெரிக்கா 1890இல் கொண்டுவந்த மக்கின்லி தீர்வைச் சட்டமும் வந்த பிறகுதான் ஏற்றுமதிப் பொருட்களில் நாட்டின் பெயரைப் பொறிப்பது பொது வழக்கமானது. அதற்கு முன் ‘ஷெபீல்ட்’ என்று ஊரின் பெயர் மட்டும் இருந்தால் போதும் என்று விட்டுவிடுவார்கள். ஆகவே 1901க்குப் பின் என்பதை நான் உறுதியாகச் சொல்வேன்.

மேல் எல்லை அவ்வளவு உறுதி இல்லை. 1901 முதல் 1952 வரை தொடர்ந்து மன்னர்கள்தான். அதோடு, முத்திரை குத்தும் அச்சு தேயும்வரை அதையே பாவிப்பது எந்தப் பட்டறையிலும் நடக்கும். எனவே எழுத்தை மட்டும் வைத்து ஐம்பது வருடத்துக்குள் இதற்கு மேல் ஒடுக்க முடியாது. இங்கே அலகின் வடிவம் கொஞ்சம் உதவும். பதினெட்டாம் நூற்றாண்டுக் கத்திகளுக்குக் காம்பின் பின்னால் நீளும் வால் இல்லை, அல்லது ஒரு முளை அளவுக்கு இருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருந்து வால் நீண்டு வளைகிறது. பழைய அலகுகள் ஆப்பு மாதிரி முதுகில் இருந்து கூர்வரை நேராகச் சரியும். இரண்டு பக்கமும் ஆழமாகக் குடைந்து, நகத்தால் சுண்டினால் கிண் என்று ஒலிக்கும் அலகு பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜேர்மனியின் சொலிங்கன் நகரக் கடைசல்காரரின் கைவேலையாகப் பரவியது. உங்கள் படத்தில் அலகு நன்றாகக் குடைந்திருக்கிறது, வாலும் நீளம். இரண்டும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதிக்குப் பொருந்துகின்றன. 1904இல் ஜில்லெட்டின் காப்புரிமை வந்து, முதலாம் உலகப் போரில் அமெரிக்கப் படையினருக்கு இலட்சக்கணக்கில் பாதுகாப்பு ரேஸர் கொடுக்கப்பட்ட பிறகு, வீடுகளில் இந்த மடக்குக் கத்தி மெல்ல மெல்ல ஒதுங்கியது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் 1901க்கும் 1930களுக்கும் நடுவில் என்று நான் சாய்வேன். இது சாய்வு மட்டும், தீர்ப்பு அல்ல.

இதைவிட நல்ல சாட்சி உங்கள் கையிலேயே இருக்கிறது. அந்தப் பென்ஷன் கடிதங்களில் அவர் வேலையில் சேர்ந்த திகதியும் ஓய்வுபெற்ற திகதியும் இருக்கும். மலாய் நாட்டு ஐக்கிய மாநிலங்களின் ரயில்வே 1901இல்தான் ஒன்றாக்கப்பட்டது. யாழ்ப்பாணத்தார் அங்கே கிளாக்கர்களாகவும் ஸ்டேஷன் மாஸ்டர்களாகவும் கூட்டமாகப் போனதும் அந்தக் காலம்தான். இளைஞனாக முதல் சம்பளத்தில் ஒரு நல்ல சவரக்கத்தி வாங்குவது நடக்கக்கூடிய காரியம். தகப்பனிடம் இருந்து வந்ததாகவும் இருக்கலாம். கத்தி எப்போது செய்யப்பட்டது என்பதைக் காம்பு சொல்லும். எப்போது உங்கள் குடும்பத்துக்குள் வந்தது என்பதைக் கடிதங்களும், இன்னும் உயிரோடு இருக்கும் பெரியம்மா, மாமா ஆட்களும்தான் சொல்ல வேண்டும். அவர்களிடம் இப்போதே கேளுங்கள்.

அடையாளம் பார்க்கும்போது இன்னும் இரண்டு இடத்தில் ஆட்கள் தடுக்கி விழுகிறார்கள். ஒன்று, முத்திரையில் உள்ள ஆண்டு. சொலிங்கனின் ஹென்கல்ஸ் கத்திகளில் இரட்டையர் உருவம் இருக்கும். அந்தக் குறி 1731இல் பதிவானது. அந்த ஆண்டை நேற்றுச் செய்த கத்தியிலும் பார்க்கலாம். மற்றது, ‘சில்வர் ஸ்டீல்’ என்ற எழுத்து. அதைப் பார்த்து வெள்ளி கலந்திருக்கிறது என்று நினைப்பார்கள். லண்டனில் மைக்கேல் பரடேயும் கத்தி செய்பவரான ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டும் 1820ஐ ஒட்டிய ஆண்டுகளில் உருக்கோடு வெள்ளி முதலிய உலோகங்களைக் கலந்து பரிசோதித்தார்கள். அந்தப் புகழில் பிறந்த பெயர் அது. பெரும்பாலும் விற்பனைப் பெயர்தான். அந்த ஆராய்ச்சி தொடங்கியதே நம் பக்கத்து மூசை (உலோகம் உருக்கும் குடுவை) உருக்கின் இரகசியத்தைத் தேடித்தான் என்பதைச் சொல்லாமல் போக மனமில்லை. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மண்மூசையில் உருக்கிய அந்த உருக்கை ஐரோப்பியர் ‘வூட்ஸ்’ என்று அழைத்தார்கள். இரத்தினபுரி மாவட்டத்தில் சமனலவெவப் பகுதியில் பருவக்காற்றாலேயே இயங்கிய பழைய இரும்பு உலைகள் அகழ்ந்தெடுக்கப்பட்டிருக்கின்றன. ஷெபீல்டுக்குப் பெயர் வாங்கிக்கொடுத்த பென்ஜமின் ஹன்ட்ஸ்மனின் மூசை உருக்கு 1740களில்தான் வந்தது.

போலியா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்க வேண்டிய கேள்வி. ரொட்ஜர்ஸ் பெயருக்கு இருந்த மதிப்பால் அதைப்போலவே ஒலிக்கும் பெயரைப் பொறித்தவர்கள் இருந்தார்கள். ஆங்கில எழுத்தில் நடுவில் உள்ள ‘டி’ விடுபட்டிருந்தால் சந்தேகப்படுங்கள். உங்கள் படத்தில் அந்த எழுத்து இருக்கிறது, நட்சத்திரமும் மால்டா சிலுவையும் சரியான வடிவில் இருக்கின்றன. நல்லதாகவே தெரிகிறது.

விலையைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. இந்த நிறுவனம் பெருந்தொகையாகச் செய்தது, ஆகவே சாதாரணக் கறுப்புப் பிடிக் கத்தி பெரிய காசு போகாது. தந்தப் பிடியோ, கிழமைக்கு ஏழு கத்தி அடங்கிய பெட்டியோ என்றால் கதை வேறு. தந்தமாக இருந்தாலும், காட்டுயிர்ப் பொருட்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கை இருப்பதால் வெளிநாட்டுக்கு அனுப்பி விற்க வெளிக்கிடாதீர்கள். உங்களிடம் இருப்பதன் பெறுமதி உங்கள் வீட்டுக்குள்தான்.

சரி, பிடி. கறுப்புப் பிடி மாட்டுக்கொம்பாக இருக்கலாம், வல்கனைட் என்ற கெட்டி ரப்பராக இருக்கலாம், செலுலோயிட் என்ற பழைய வகைப் பிளாஸ்டிக்காக இருக்கலாம், கருங்காலியாகவும் இருக்கலாம். இது வெறும் ஆர்வத்துக்காகப் பார்ப்பது அல்ல. செலுலோயிட் பழசாகும்போது தானாகவே சிதைந்து நைதரசன் ஒக்சைட்டு வாயுக்களை விடும். காற்றின் ஈரத்தோடு சேர்ந்து அது அமிலமாகி, மடித்து வைத்த அலகைப் பிடிக்குள் இருக்கும் பக்கத்தில் இருந்தே தின்னும். பக்கத்தில் இருக்கும் கடிதங்களையும் மஞ்சளாக்கி நொறுக்கும். அதனால்தான் முதலில் கத்தியைக் கடிதங்களுக்குள் இருந்து எடுக்கச் சொன்னேன். பிடியைப் பெருவிரலால் சூடேறும்வரை தேய்த்து மணந்து பாருங்கள். கற்பூர வாசம் வந்தால் செலுலோயிட். கந்தக வாசம் வந்து, வெயில் பட்ட இடம் பழுப்பும் பச்சையுமாக மங்கியிருந்தால் வல்கனைட். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் மெல்லிய ஓரத்தில் பழுப்பு இழை ஓடினால் கொம்பு. அதில் பூச்சி அரித்த குழியும் இருக்கும். சூடான ஊசியால் குத்திப் பார்க்கச் சொல்லி யாராவது சொன்னால் கேட்காதீர்கள். செலுலோயிட் குப்பென்று பற்றிக்கொள்ளும் பொருள்.

இனி முக்கியமான இடம்: இந்த அலகு சவரத்துக்கு ஆகுமா? இதைப் படத்தை வைத்து நானோ வேறு எவரோ சொல்ல முடியாது. பார்க்க வேண்டியது கூர் ஓரம். முதுகுப் பக்கமும் நடுவிலும் எவ்வளவு கறுத்திருந்தாலும், குழி விழுந்திருந்தாலும், சவரத்துக்கு அது தடை இல்லை. ஓரத்தில் ஒரு மில்லிமீற்றருக்குள் ஆழமான குழி இருந்தால், தீட்டத் தீட்டக் கூர் உதிர்ந்துகொண்டே இருக்கும். நகைக்கடைக்காரர் பாவிக்கும் பத்து மடங்கு பூதக்கண்ணாடி போதும். கஸ்தூரியார் வீதியில் தெரிந்த பத்தர் யாராவது இருந்தால் ஐந்து நிமிடம் இரவல் கேளுங்கள்.

ஓரத்தில் இருந்து முதுகை நோக்கி ஓடும் மயிரிழை வெடிப்பு இருந்தால் அந்தக் கத்தியின் சவர வாழ்க்கை முடிந்தது. அதைக் கண்டுபிடிக்க ரயில்வேப் பட்டறைகளில் அச்சுத்தண்டுகளுக்குச் செய்த ஒரு சோதனை இருக்கிறது. உங்கள் அம்மப்பா அதைக் கண்ணால் கண்டிருக்கவும் கூடும். அலகில் மண்ணெண்ணெய் பூசிக் கொஞ்ச நேரம் விடுங்கள். பிறகு துளியும் இல்லாமல் துடைத்து, சோக்குத் தூளை மெல்லிசாகத் தூவுங்கள். வெடிப்பு இருந்தால் உள்ளே போன எண்ணெய் ஊறி வந்து வெள்ளைத் தூளில் ஒரு கறுத்த கோடு போடும். சுண்டி ஒலி கேட்பதையும் சிலர் சோதனையாகச் சொல்வார்கள். மந்தமான ஒலி வந்தால் சந்தேகப்படலாம், ஆனால் பிடி இறுக்கமாக இருந்தாலும் ஒலி மந்தமாகும். அதை மட்டும் நம்பி முடிவு எடுக்க மாட்டேன்.

அடுத்தது முதுகு. சவரக்கத்தியில் முதுகும் கூரும் ஒன்றாகக் கல்லில் படும். தீட்டும் கோணத்தைத் தீர்மானிப்பதே முதுகின் தடிப்புத்தான். இந்தக் கருவியின் அழகான ரகசியமும் அதுதான். அலகின் அகலம் 16 மில்லிமீற்றர், முதுகு 4.5 மில்லிமீற்றர் என்று வைத்தால் கூரின் கோணம் ஏறக்குறைய 16 பாகை வரும். யாரோ அழுத்தித் தீட்டி முதுகை 3.6 ஆக்கியிருந்தால் கோணம் 13 பாகைக்கு இறங்கிவிடும். அவ்வளவு மெல்லிய கூர் தாடியில் நிற்காது, மடங்கும். அப்படி இருந்தால் முதுகில் மின்வேலைக்குப் பாவிக்கும் பிளாஸ்டிக் டேப் ஒரு சுற்று ஒட்டித் தீட்டலாம். ஒரு சுற்று ஏறக்குறைய ஒரு பாகையைக் கூட்டும். கூர்க்கோடு நடுவில் உள்வாங்கி வளைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். உள்வாங்கியிருந்தால் முதலில் அதை நேராக்க வேண்டும், அது புதியவருக்கு ஏற்ற வேலை இல்லை. வெளியே மெல்ல வளைந்திருந்தால் குறை இல்லை; பலர் அதை விரும்புவார்கள்.

கறளை எடுப்பது பற்றி. தேசிக்காய், புளி, வினாகிரி எல்லாம் அமிலம். பித்தளைக் குத்துவிளக்குக்கு அவை நல்லது. இந்த உருக்கில் கரிமம் ஒரு சதவீதத்தை ஒட்டி இருக்கும். அமிலம் கறளோடு நின்றுவிடாது, நல்ல உருக்கையும் அரித்துச் சாம்பல் நிறமாக்கும், முத்திரையின் விளிம்பை மழுங்கடிக்கும். மிக மெல்லிய இடமான கூர்தான் முதலில் போகும். எண்ணெய்தான் இங்கே வழி. மண்ணெண்ணெயோ தையல் மெஷின் எண்ணெயோ பூசி ஒரு இரவு விட்டு, சிவப்புக் கறள் இளகிய பிறகு, மிக நுண்ணிய உருக்குப் பஞ்சால் எண்ணெயோடு தேயுங்கள். அது போதாத இடத்தில் மட்டும் 2000 எமரித்தாள், அதுவும் போதாவிட்டால் 1000. நுண்ணியதில் தொடங்கி, தேவைப்பட்டால் மட்டும் கரடுக்கு இறங்குவதுதான் என் முறை. எல்லோரும் மாறிச் செய்வதால்தான் தேவைக்கு மேல் உருக்குப் போகிறது. சிவப்பாக உதிர்வது உயிருள்ள கறள், அதை எடுத்தே ஆக வேண்டும். கறுத்து இறுகி வழவழப்பாக இருப்பதை விட்டுவிடுங்கள், அது இனி அரிக்காது. அலகை மரப்பலகையில் படுக்கவைத்து, முதுகில் இருந்து கூரை நோக்கி மட்டும் தேயுங்கள், கை ஒருபோதும் கூருக்கு எதிரே வரக்கூடாது. காம்பில் எழுத்துள்ள இடத்தை எண்ணெயும் மென்மையான பல்துலக்கியும் தவிர வேறு எதுவும் தொடக்கூடாது. பிறகு உலோக மினுக்கி கொஞ்சம் போடலாம். அதைப் பிடியின் ஆணிகளில் படவிடாதீர்கள், சிலவற்றில் அமோனியா இருக்கும், இழுபட்டு நிற்கும் பித்தளையை அது வெடிக்கச் செய்யலாம்.

ஆணியைக் கழற்றிப் பிடியைப் பிரிக்க வேண்டுமா என்றால், பிடி செலுலோயிட்டாகி அலகைத் தின்றுகொண்டிருந்தால் ஒழிய, வேண்டாம் என்பேன். பழைய கொம்பு காய்ந்து முறுகியிருக்கும்; ஆணியைத் தட்டி எடுக்கும்போது பிளக்கும். கட்டாயம் எடுக்க வேண்டி வந்தால், ஆணித்தலையை நுண் அரத்தால் ராவி மட்டமாக்கிவிட்டு, பின்பக்கம் தாங்கு கொடுத்துத் தள்ள வேண்டும். திரும்பப் பொருத்த மெல்லிய பித்தளைக் கம்பியும் சின்னச் சுத்தியலும் பொறுமையும் வேண்டும். இதை நல்ல பத்தர் ஒருவர் என்னைவிட வடிவாகச் செய்வார்.

சாணைக்காரரிடம் கொடுக்கவே கொடுக்காதீர்கள். கத்தரிக்கோலுக்கும் அரிவாளுக்கும் அவர் வேலை சரி. சுழலும் சக்கரத்தில் இந்த அலகின் ஓரம் கண் இமைக்கும் நேரத்தில் சூடேறும். உருக்கு 220 பாகை செல்சியஸை எட்டினால் வைக்கோல் மஞ்சள் நிறம் வரும், 300 அளவில் நீலம் வரும்; அதற்குள் ஷெபீல்ட் தொழிலாளி ஏற்றிய பதம் இறங்கிப்போய்விட்டது. அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. மின்சாரத்தில் சுழலும் மினுக்குச் சக்கரத்துக்கும் இதே விதி. அது அலகைக் கையில் இருந்து பிடுங்கி எறிந்து ஆளைக் காயப்படுத்தவும் செய்யும்.

தீட்டுவதற்கு நம் ஹாட்வெயார் கடைகளில் கிடைக்கும் கார்போரண்டம் கல் உதவாது, மிகக் கரடு. வேண்டியது நுண்மை எண் 1000 உள்ள கல், அதன் பிறகு 4000 அல்லது 5000, பிறகு 8000, முடிந்தால் 12000. கொழும்பில் தேடினாலும் விலை கையைக் கடிக்கும். இங்கே இருப்பவர்களுக்கு நான் சொல்லும் வழி வேறு: மட்டமான தடித்த கண்ணாடித் துண்டு ஒன்றைத் தண்ணீரால் நனைத்து, அதில் மைக்ரோன் கணக்கில் வரும் மெருகுப் படலங்களை ஒட்டித் தீட்டுவது. 12, 5, 3, 1 மைக்ரோன் போதும். கனடாவிலோ சுவிசிலோ இருக்கும் உறவினர் ஒரு கடித உறைக்குள் வைத்தே அனுப்பிவிடலாம்.

முறை எளிது, கை பழக நாள் எடுக்கும். அலகைப் படுக்கவையுங்கள், முதுகும் கூரும் இரண்டும் தொட வேண்டும். கூர் முன்னே போகும்படி தள்ளுங்கள், முடிவில் முதுகின் மேல் உருட்டித் திருப்பிக் கொண்டுவாருங்கள். கையின் பாரத்துக்கு மேல் அழுத்தம் வேண்டாம். தொடங்கும் முன் கூரோரத்தில் மார்க்கர் பேனாவால் கறுப்புப் பூசுங்கள். எங்கே மை போகிறது, எங்கே போகவில்லை என்பது கூர் எங்கே கல்லைத் தொடவில்லை என்பதைக் காட்டிவிடும். முதல் கல்லில்தான் வேலையின் பெரும்பகுதி. இரண்டு பக்கச் சரிவும் காம்புப் பக்கத்து முனையில் இருந்து நுனிவரை சந்திக்காமல் அடுத்த கல்லுக்குப் போனால், பிறகு எத்தனை ஆயிரம் எண் கல்லில் தேய்த்தாலும் சவரம் இழுக்கும், எரியும். முன்கை மயிரைத் தோலில் படாமல் மேலாக வெட்டுகிறதா என்று நீளம் முழுக்கப் பார்த்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

கடைசியில் வார், அதாவது கூரை இழுத்து மெருகேற்றும் துணி, தோல் பட்டை. துணியில் இருபது, தோலில் ஐம்பது, முதுகு முன்னே, வார் தொய்யாமல் இறுக்கமாக. இந்த வார்பிடித்தலைப் படித்துக் கற்க முடியாது என்பது என் எண்ணம். மாற்றும் பிளேட் வருவதற்கு முன், நம் ஊர்களில் வீடு வீடாக வந்தும் சலூனிலும் சவரம் செய்த தொழிலாளிகளின் கையில் இந்த அறிவு முழுமையாக இருந்தது. அவர்களுக்கு ஊர் கொடுத்த மரியாதை அவர்களுடைய கைத்திறனுக்குக் கிட்டவும் நிற்காது. உங்கள் பக்கம் அப்படிப் பழகிய ஐயா ஒருவர் இருந்தால் போய் இருந்து கதையுங்கள். அவர் நேரத்துக்கு உரிய காசைக் கொடுத்து, ஒருநாள் காட்டித்தரச் சொல்லிக் கேளுங்கள்.

சுகாதாரத்தில் ஒரு வார்த்தை. தீட்டி முடிந்த பிறகு 70 வீத அற்ககோலால் நன்றாகத் துடைத்துக் காயவிட்டால் போதும். வெளிற்றும் திரவத்தில் ஊறவிட்டால் கறள் பிடிக்கும். கொதிநீரில் போட்டால் பிடி கெடும். ஏற்புவலி (டெட்டனஸ்) கறளால் வருவதில்லை, மண்ணில் இருக்கும் கிருமியால் வருவது. ஆனாலும் பழைய பெட்டிக்குள் என்ன மண் இருந்தது என்று யார் கண்டது? துப்புரவாக்கும்போது வெட்டிக்கொண்டால் ஊசி போட்டிருக்கிறதா என்று பார்த்துப் போட்டுவிடுங்கள்.

அப்புறம் நம் தண்ணீர். யாழ்ப்பாணத்துக் கிணறுகள் சுண்ணக்கல்லில் இருப்பவை. கடலோரம் போகப்போக உவரும் ஏறும். அந்தத் தண்ணீர் அலகில் காய்ந்தால் சுண்ணாம்புப் புள்ளி விழும், உப்பு கறளைத் திரும்ப எழுப்பும். சவரம் முடிந்ததும் மழைநீராலோ காய்ச்சி வடித்த நீராலோ கழுவி, துடைத்து, எண்ணெய் தொட்டு வையுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். நாள்பட்டால் காறலெடுத்து அமிலம் உண்டாகும். குளியலறையில் வைக்காதீர்கள், தோல் உறையிலும் வைக்காதீர்கள். பிடி செலுலோயிட் என்று தெரிந்தால் காற்றோட்டமான இடத்தில், அலகைப் பாதி திறந்து, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

இப்போது எனக்கு வேண்டியது மூன்று படம். கூரோரத்தைச் சரிவு வெளிச்சத்தில் கிட்டவாக ஒன்று; முதுகை நேர் மேலிருந்து ஒன்று; சோக்குத் தூள் போட்ட பிறகு அலகின் இரண்டு பக்கமும் தெரிய ஒன்று. அதோடு அலகின் அகலத்தையும் முதுகின் தடிப்பையும் வேர்னியர் இடுக்கியால் நடுவிலும் இரண்டு முனையிலும் அளந்து எழுதுங்கள். வெடிப்பு இல்லை என்றும் முதுகு தேயவில்லை என்றும் வந்தால், எந்தக் கல்லில் தொடங்குவது, டேப் வேண்டுமா என்று அந்த எண்களைப் பார்த்துச் சொல்கிறேன்.